செலவழிக்கக் கூடாத வெள்ளி

ஹென்னிக்: இல்லையேடி... இங்க இல்லையே.

இல்ஸபே: எது இல்லைங்கிறீங்க?

ஹென்னிக்: எதுவா? பெட்டிக்குள்ள தலையை விட்டுட்டு வேற எதைத் தேடுவேன்? லோசர்! அந்தப் பெரிய வெள்ளிக் காசு! உங்கம்மா கொடுத்த மேசைத்துணியில சுத்தி, கம்பளிக்கு அடியில வெச்சோமே. துணி இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல.

இல்ஸபே: மொதல்ல எந்திரிங்க. கஞ்சி ஆறுது.

ஹென்னிக்: கஞ்சியா! அடியே, ரொட்டிக்காரன் கூர்ட் வீட்டு வாசல்ல கோட்டை ஆளுங்க தராசோட நிக்கிறாங்க. நீ கஞ்சிங்கிற!

இல்ஸபே: மெதுவாப் பேசுங்க. ஜன்னல் திறந்திருக்கு.

ஹென்னிக்: மூடு... இல்ல, மூடாத. மூடினா என்னத்தையோ மறைக்கிறோம்னு நினைப்பாங்க.

இல்ஸபே: நிஜமாவே வீடு வீடா வர்றாங்களா? சும்மா மிரட்டுறதுக்குச் சொன்னாங்கன்னுல்ல நெனச்சேன்.

ஹென்னிக்: பிரபு எப்போ சும்மா மிரட்டியிருக்கார்? யார் யார் தலையில லோசரைக் கட்டினாங்களோ, அவங்க எல்லாரும் எடுத்துக் காட்டணும். நிறுத்துப் பாப்பாங்க. காட்ட முடியாதவன் அதை வித்துட்டான், இல்லன்னா உருக்கிட்டான்னு அர்த்தம். நேரா வோல்ஃபன்பியூட்டல் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.

இல்ஸபே: நம்ம காசு கொடுத்து வாங்கினது. நம்ம வீட்டுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அவங்களுக்கு என்ன வந்துச்சு?

ஹென்னிக்: இதைத்தான் அன்னிக்கு நான் கேட்டேன். நீதானே வாயை மூடுன்னே? பீர் காய்ச்சுற உரிமை வேணும்னா பெரிய வெள்ளி ஒண்ணு வாங்கித்தான் ஆகணும்னாங்க. வாங்கினோம். செலவழிக்கக் கூடாது, விக்கக் கூடாது, சண்டை வந்து பிரபு கேட்டா எடுத்து நீட்டணும். நம்ம வீடு, நம்ம பெட்டி, ஆனா உள்ள உக்காந்திருக்கிறது காசுல அடிச்ச அவர் தலை.

இல்ஸபே: தலையைச் சுத்தி நட்சத்திரமும் ராசியும் வேற.

ஹென்னிக்: அதைப் பேசாத. அதைப் பாத்துட்டு உன் தங்கச்சி அன்னிக்கு ஒண்ணு சொன்னாளே... "பிரபு வானத்தையே தலையில சுத்திக்கலாம், நான் நாலு மூலிகை பறிச்சா சூனியக்காரியா"ன்னு... இந்த மேசையிலதான் உக்காந்து சிரிச்சா.

இல்ஸபே: நீங்களும்தான் சிரிச்சீங்க.

ஹென்னிக்: சரி, விடு. வெள்ளி எங்க?

இல்ஸபே: நான்தான் இடம் மாத்தி வெச்சேன்.

ஹென்னிக்: அப்பாடா! ஏன்டி, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? உயிரே போச்சு. எங்க வெச்சே?

இல்ஸபே: மாடியில... பார்லி மூட்டைக்குள்ள.

ஹென்னிக்: எந்த மூட்டை?

இல்ஸபே: ஞாபகம் இல்ல.

ஹென்னிக்: உனக்கா? போன வருஷம் கூர்ட் பொண்டாட்டி முட்டை வாங்கிட்டுப் போனதை இன்னிக்கும் சொல்லிக் காட்டுறவ நீ. உனக்கு ஞாபகம் இல்லையா?

இல்ஸபே: ஏங்க... திருடு போச்சுன்னு சொன்னா என்ன?

ஹென்னிக்: திரும்பு. என்னைப் பாரு.

இல்ஸபே: அடுப்பு அணைஞ்சிடும்.

ஹென்னிக்: அணையட்டும். என்னைப் பாத்துச் சொல்லு. பார்லி மூட்டைக்குள்ள இருக்கா, இல்லையா?

இல்ஸபே: இல்ல.

ஹென்னிக்: கடவுளே.

இல்ஸபே: கொடுத்துட்டேன்.

ஹென்னிக்: யாருக்கு?... வாயைத் திற, இல்ஸபே. துணி வாங்கினியா? நகை வாங்கினியா?

இல்ஸபே: என் கழுத்தைப் பாத்துட்டுத்தான் கேக்கிறீங்களா?

ஹென்னிக்: பின்ன எங்கடி கொடுத்தே?

இல்ஸபே: கோபுரத்துல.

ஹென்னிக்: எந்தக் கோபுரத்துல?

இல்ஸபே: நம்ம ஊர்ல ஆளை அடைச்சு வெக்கிற கோபுரம் எத்தனை இருக்கு?

ஹென்னிக்: ...ஆல்ஹைட்டுக்காகவா?

இல்ஸபே: என் தங்கச்சி பேரை உங்க வாயால கேட்டு எத்தனை நாளாச்சு. அவளைப் புடிச்சுட்டுப் போனதுல இருந்து இந்த வீட்டுல அந்தப் பேரையே சொல்லக் கூடாதுன்னுட்டீங்களே.

ஹென்னிக்: இரு, இரு. அவளைச் சாத்தான் தூக்கிட்டுப் போனான்னு ஊரே சொல்லுது! புகைக்கூண்டு வழியா. காலையில போய்ப் பாத்தா பூட்டு போட்டபடி இருக்கு, ஆளைக் காணோம், அறை முழுக்கக் கந்தக நாத்தம். பாதிரியாரே பிரசங்கத்துல சொன்னார். நான் பெஞ்சுல உக்காந்து தலையாட்டிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதே!

இல்ஸபே: சந்தோஷத்துல அழுதேங்க.

ஹென்னிக்: அப்போ சாத்தான் நீதானா?

இல்ஸபே: நான் இல்ல. பார்தோல்ட்.

ஹென்னிக்: கோபுரத்துக் காவல்காரன் பார்தோல்டா? நம்மகிட்ட ஓசியில பீர் குடிச்சுட்டு வாயைத் துடைச்சுட்டுப் போறவனா?

இல்ஸபே: அவனேதான். சாயங்காலம் கோபுரத்தடியில போய் நின்னேன். வெள்ளியை அவன் கையில வெச்சேன். "அவளை எல்லை தாண்டி பிஷப் ஆளுற நாட்டுல விட்டுடு, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"னேன். விட்டுட்டான்.

ஹென்னிக்: என்கிட்ட ஒரு வார்த்தை...

இல்ஸபே: சொன்னா விட்டிருப்பீங்களா?

ஹென்னிக்: தெரியல. பயந்திருப்பேன்.

இல்ஸபே: அதான். நானும் பயந்தேன். ஆனா அவ அந்தக் கோபுரத்துல கிடந்தா. ஊர்த் தலைவர் பொண்டாட்டிக்குப் பிரசவம் பாக்கப் போனா, குழந்தை நீலம் பாரிச்சுப் பொறந்துச்சு, அதுக்கு இவ என்ன செய்வா? நம்ம மூணு புள்ளைங்களையும் கையில வாங்கினது அவதான். அவ கத்தினது ஒரு நாள் சந்தை வரைக்கும் கேட்டுச்சுன்னு வெண்ணெய்க்காரி சொல்றா, நான் கூடையைப் புடிச்சுட்டு நிக்கிறேன். பிரபு தலை இங்க மேசைத்துணிக்குள்ள பத்திரமா தூங்கணுமாக்கும்?

ஹென்னிக்: அழாத. அவங்க வர்ற நேரத்துல கண்ணு செவந்திருக்கக் கூடாது... எங்க நிக்கிறாங்க, எட்டிப் பாரு.

இல்ஸபே: கூர்ட் வீட்டுக்குள்ள போயிட்டாங்க. குதிரை மட்டும் வெளிய நிக்குது. அடுத்தது செருப்பு தைக்கிறவர் வீடு, அவர்கிட்ட லோசர் கிடையாது.

ஹென்னிக்: அப்போ அடுத்தது நாம.

இல்ஸபே: திருடு போச்சுன்னு சொல்லிடலாங்க.

ஹென்னிக்: எப்போ போச்சு, ஏன் அப்பவே வந்து சொல்லலைம்பாங்க. சரின்னு தேட ஆரம்பிச்சாங்கன்னா? அது என்ன சட்டைப் பையில மறையுற காசா? உள்ளங்கையை விட அகலம். ஒரு பக்கம் பிரபு, மறுபக்கம் கேடயத்தைப் புடிச்சுட்டு காட்டு மனுஷனுங்க, விளிம்புல நம்ம வீட்டுக்குன்னு வெட்டின குறி. எந்தக் கடைக்காரன் அதை வாங்கிக் கல்லாவுல போடுவான்? பார்தோல்ட் அதைச் செலவழிக்க முடியாமப் பெட்டியிலதான் வெச்சிருப்பான். எடுத்துட்டாங்கன்னா அவன் வாயைத் திறந்துடுவான். திறக்க வைப்பாங்க.

இல்ஸபே: அப்புறம் நானும் அந்தக் கோபுரத்துல ஏறணும்.

ஹென்னிக்: பேசாத.

இல்ஸபே: அவளுக்கு என்ன செஞ்சாங்களோ அது எனக்கு...

ஹென்னிக்: பேசாதன்னு சொன்னேன்ல! உக்காரு. யோசிக்க விடு... நான் எடுத்தேன்னு சொல்லிடறேன்.

இல்ஸபே: என்னன்னு?

ஹென்னிக்: நான்தான் எடுத்தேன், குடிச்சே அழிச்சுட்டேன்னு. உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பெட்டியே திறக்கல.

இல்ஸபே: பீர் காய்ச்சுறவன் வெளிய போய்க் குடிச்சு அழிச்சான்னு சொன்னா யார் நம்புவாங்க?

ஹென்னிக்: அப்போ சூதாடினேங்கிறேன்.

இல்ஸபே: உங்களுக்குப் பகடையை உருட்டக்கூடத் தெரியாது.

ஹென்னிக்: அதனாலதான் தோத்தேம்பேன்! சிரிக்கிறியா, அழறியா? ஏதாவது ஒண்ணைச் செய்.

இல்ஸபே: உங்களை அடைச்சுட்டா நான் என்னங்க செய்வேன்?

ஹென்னிக்: புள்ளைங்களைக் கூட்டிட்டு உன் தங்கச்சிகிட்டப் போ. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹில்டெஸ்ஹைம்லதானே இருக்கா? உங்க அத்தை ஊர்சுலா வீட்டுலதானே?

இல்ஸபே: அங்கதான் போகச் சொல்லியிருந்தேன். சேதி இன்னும் வரல. ஆள் அனுப்பப் பயமா இருக்கும்ல அவளுக்கு... ஏங்க. கேட்டுச்சா?

ஹென்னிக்: என்ன?

இல்ஸபே: பின் கதவு.

ஹென்னிக்: முன்னாடிதானே வரணும்...

இல்ஸபே: ரெண்டு பக்கமும் ஆள் போட்டிருப்பாங்களோ? ஓடிடக் கூடாதுன்னு?

ஹென்னிக்: நீ நகராத. நான் போறேன்... யாரு? யார் அங்க?

பார்தோல்ட்: திறங்கண்ணே. நான்தான்.

ஹென்னிக்: நான்தான்னா யாரு?

பார்தோல்ட்: கோபுரத்துக் காவல்காரன் பார்தோல்ட். கத்த வெக்காதீங்க, திறங்க.

ஹென்னிக்: வாடா. வா உள்ள. உன்னைத்தான்டா நினைச்சுட்டு...

பார்தோல்ட்: அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்கண்ணே, நின்னு வாங்கிக்கிறேன். இப்போ இதைப் புடிங்க. சீக்கிரம்.

இல்ஸபே: என்னது அது?

பார்தோல்ட்: உங்களோடதுதான் தாயி.

ஹென்னிக்: லோசர்... இல்ஸபே, நம்ம லோசர். குறி பாரு. நம்ம குறிதான்!

இல்ஸபே: பார்தோல்ட்... திருப்பியா கொண்டாந்தே?

பார்தோல்ட்: சாயங்காலத்துக்குள்ள காவல்காரங்க பெட்டியும் பாக்கப் போறாங்களாம். என் சம்பளத்துக்கு என்கிட்ட லோசர் ஏதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?

ஹென்னிக்: கிணத்துல போட்டுட்டுத் தப்பிச்சிருக்கலாமே, நீ மட்டும்.

பார்தோல்ட்: போடத்தான் போனேன். கிணத்துச் சுவரைப் புடிச்சுட்டு நின்னேன். நான் தப்பிச்சுடுவேன், இந்தத் தாயி எதைக் காட்டுவாங்கன்னு தோணுச்சு. அப்படியே சந்து வழியா வந்துட்டேன்.

இல்ஸபே: நீ நல்லா இருப்பே, பார்தோல்ட்.

பார்தோல்ட்: அப்படிச் சொல்லாதீங்க.

ஹென்னிக்: இரு... என்னடா இது? கரிக்கட்டை மாதிரி இருக்கு? பிரபு மூஞ்சியே தெரியல.

பார்தோல்ட்: மண்ணா இருக்கும்.

ஹென்னிக்: மண்ணு இல்ல. தேச்சாலும் போகல. வெள்ளியே கறுத்திருக்கு. இது... மோந்து பாரு, இல்ஸபே.

இல்ஸபே: கந்தகம்!

ஹென்னிக்: எதுலடா வெச்சிருந்தே?

பார்தோல்ட்: ஒரு பையில... அன்னிக்குச் சாத்தான் வந்து போனான்னு நம்ப வெக்கணும்னு அறையில கந்தகம் கொளுத்தினேன்ல. சுரங்கத்து ஆள்கிட்ட வாங்கினது. மிச்சம் இருந்த பையிலயே இதையும் போட்டு மண்ணுல பொதைச்சுட்டேன்.

ஹென்னிக்: அறிவு இருக்கா உனக்கு? ஊரே கந்தகம் கந்தகம்னு பேசிட்டுக் கிடக்கு. சூனியக்காரின்னு புடிச்சவளோட அக்கா வீட்டுல, கந்தக நாத்தத்தோட, கறுத்துப்போன பிரபு தலை! இதுக்கு லோசர் இல்லாமலே இருந்திருக்கலாம்!

இல்ஸபே: திட்டினது போதும். அடுப்புச் சாம்பலை அள்ளுங்க. பார்தோல்ட், அந்த மூலையில குடத்துல புளிச்ச பீர் இருக்கு, எடுத்துட்டு வா. உப்பு... உப்பு எங்க வெச்சேன்...

ஹென்னிக்: இந்தா உப்பு.

இல்ஸபே: துணி கொடுங்க. எதையாவது கொடுங்க, உங்க தொப்பியைக் கொடுங்க!

ஹென்னிக்: ஞாயித்துக்கிழமைத் தொப்பிடி அது.

இல்ஸபே: கொண்டாங்கன்னா!

பார்தோல்ட்: கொஞ்சம் வருது தாயி. மூக்கு தெரியுது.

இல்ஸபே: ஓரத்துல போக மாட்டேங்குது. அந்தக் காட்டு மனுஷனுங்க தாடிக்குள்ள எல்லாம் கறுப்பு. நாத்தம் போயிடுச்சா?

ஹென்னிக்: கொண்டா... புளிச்ச பீர் வாசனைதான் வருது. அடியில லேசா... தெரியல. எனக்கு மூக்கே வேலை செய்யல.

பார்தோல்ட்: அண்ணே. வாசல்ல.

ஹென்னிக்: வந்துட்டாங்க.

இல்ஸபே: இன்னும் கொஞ்சம் தேச்சா...

ஹென்னிக்: விடு, கொடு. நேரம் இல்ல. நீங்க ரெண்டு பேரும் பின்னாடி காய்ச்சுற கொட்டாய்க்குப் போங்க, பெரிய தொட்டிக்குப் பின்னாடி. இவன் இங்க நிக்கிறதை அவங்க பாத்தாலே முடிஞ்சுது. நீயும் போ. உன் மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிடும்.

இல்ஸபே: உங்க மூஞ்சி மட்டும்?

ஹென்னிக்: என் மூஞ்சி எப்பவும் பயந்த மூஞ்சிதான். ஊருக்கே தெரியும். போ!... இதோ வந்துட்டேன் ஐயா! வந்துட்டேன்!

பார்தோல்ட்: இந்தப் பக்கம் வாங்க தாயி. குனிஞ்சு உக்காருங்க.

இல்ஸபே: கதவுக்குப் பக்கத்துலயே இருப்போம். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

பார்தோல்ட்: உள்ள வந்துட்டாங்க. ரெண்டு... மூணு பேர் பூட்ஸ் சத்தம்.

இல்ஸபே: என்ன கேக்கிறாங்க?

பார்தோல்ட்: பேரு கேக்கிறாங்க. அண்ணன் சொல்றார். கொஞ்சம் திக்குது.

இல்ஸபே: பயந்தா அவருக்குத் திக்கும். கடவுளே... பார்தோல்ட், எதையாவது பேசு. சும்மா இருந்தா நான் கத்திடுவேன்.

பார்தோல்ட்: என்னத்தைப் பேசுறது.

இல்ஸபே: ஆல்ஹைட்டைப் பத்திச் சொல்லு. அன்னிக்கு அப்புறம் உன்னைத் தனியாப் பாக்கவே முடியல. நெஜமாவே எல்லை தாண்டிட்டாளா?

பார்தோல்ட்: தாண்டியாச்சு தாயி. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்.

இல்ஸபே: நடந்தாளா? அவ காலை என்னமோ பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

பார்தோல்ட்: நடக்க விடல. நான்தான் முதுகுல தூக்கிட்டுப் போனேன்.

இல்ஸபே: அவ்ளோ தூரமுமா?

பார்தோல்ட்: கனமே இல்ல.

இல்ஸபே: அவளுக்குன்னு உன்கிட்ட நான் கொடுத்த கம்பளி?

பார்தோல்ட்: போத்திவிட்டேன். நல்லாப் போத்திவிட்டேன்.

இல்ஸபே: ஏதாவது பேசினாளா? என்னைப் பத்தி...

பார்தோல்ட்: ஸ்ஸ்... தராசை மாட்டுறாங்க.

இல்ஸபே: சங்கிலிச் சத்தம் கேக்குது. ஏன் யாரும் பேசல?

பார்தோல்ட்: நிறுக்கிறாங்க.

இல்ஸபே: தேச்சதுல எடை குறைஞ்சிருக்குமோ? சாம்பல் போட்டு அப்படித் தேச்சோமே.

பார்தோல்ட்: அதுல எல்லாம் குறையாது தாயி.

இல்ஸபே: இப்போ என்ன?

பார்தோல்ட்: மேசையில போட்டுப் பாக்கிறாங்க. சத்தம் கேட்டீங்களா? நல்ல வெள்ளிச் சத்தம்.

இல்ஸபே: அந்த ஆள் என்னமோ கேக்கிறான். "ஏன் இப்படி"ன்னு கேட்டான். என் காதுல விழுந்துச்சு. நான் உள்ள போறேன், நான்தான்னு சொல்லிடறேன்...

பார்தோல்ட்: உக்காருங்க! கையை எடுக்க மாட்டேன், உக்காருங்க. நீங்க போனா மூணு பேருமே செத்தோம்.

இல்ஸபே: என்ன சத்தம் அது? அடிக்கிறாங்களா?

பார்தோல்ட்: இல்ல... சிரிக்கிறாங்க.

இல்ஸபே: யாரு?

பார்தோல்ட்: எல்லாரும். பூட்ஸ் வாசலுக்குப் போகுது. கதவு... கதவைச் சாத்திட்டாங்க.

இல்ஸபே: அவரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்களா? ஏங்க! ஹென்னிக்!

ஹென்னிக்: இங்கதான்டி இருக்கேன். கத்தாத.

இல்ஸபே: என்னங்க ஆச்சு?

ஹென்னிக்: போயிட்டாங்க. எடை சரியா இருக்கு, குறி சரியா இருக்குன்னுட்டாங்க.

பார்தோல்ட்: கறுப்பைப் பத்திக் கேக்கலையாண்ணே?

ஹென்னிக்: கேக்காம? "பிரபு முகம் ஏன் இப்படிக் கறுத்திருக்கு"ன்னான். அந்த நேரத்துல எனக்கு என்ன தோணும்? மேல பாத்தேன், அடுப்புக்கு மேல பன்னித் தொடை புகையில தொங்குது. "திருடனுக்குப் பயந்து அதுக்குப் பின்னாடி தொங்கவிட்டிருந்தோம் ஐயா"ன்னேன். அந்த ஆள் தொடையையும் வெள்ளியையும் மாத்தி மாத்திப் பாத்தான். செத்தேன்னு நினைச்சேன். அப்புறம் சிரிச்சான் பாரு, தராசே ஆடுச்சு. "பிரபுவையே புகைபோட்டுட்டியா"ன்னு.

இல்ஸபே: நம்பிட்டானா?

ஹென்னிக்: நம்பினானோ என்னவோ, பன்னித் தொடையையும் எடுத்துட்டுப் போயிட்டான்.

இல்ஸபே: போகட்டும். அடுப்பையும் சேத்து எடுத்துட்டுப் போகட்டும்.

ஹென்னிக்: வா இப்படி. அழு. இப்போ அழலாம். ஒருத்தரும் இல்ல... பார்தோல்ட், நீ ஏன்டா அங்கயே நிக்கிறே? வந்து உக்காரு. இன்னிக்கு ஓசி இல்ல, நானா ஊத்துறேன், நல்ல பீப்பாயில இருந்து.

பார்தோல்ட்: வேண்டாம்ணே. நான் கிளம்பறேன்.

ஹென்னிக்: உன் வாயில இருந்து வேண்டாமா? குடிடா. உன்னைக் கொல்லணும்னு நெனச்சுட்டு இருந்தேன் கொஞ்ச நேரம் முன்னாடி. நான் செஞ்சிருக்க வேண்டியதை நீ செஞ்சிருக்கே. இல்ஸபே, கேளு. ஞாயித்துக்கிழமை வண்டி பூட்டுறேன்.

இல்ஸபே: எதுக்கு?

ஹென்னிக்: ஹில்டெஸ்ஹைமுக்கு பீர் எடுத்துட்டுப் போறேன்னு சுங்கத்துல சொல்லிக்கிறேன். நீயும் வா. ரெண்டு பீப்பாய்க்கு நடுவுல உக்காந்துக்கோ. உங்க அத்தை வீட்டுக்குப் போய் ஆல்ஹைட்டைப் பாத்துட்டு வருவோம். அந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னவன் நான்தான். அவ முன்னாடி நின்னு நானே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன், போதுமா?

இல்ஸபே: நிஜமாவா சொல்றீங்க?

ஹென்னிக்: திட்டுவா. திட்டட்டும்.

இல்ஸபே: அவளுக்குப் பிளம் ஊறவெச்சது ஒரு ஜாடி எடுத்துக்கிறேன். மாத்துத் துணி எடுத்துக்கணும், அத்தை துணியெல்லாம் அவளுக்குப் பத்தாது...

பார்தோல்ட்: போகாதீங்க தாயி.

ஹென்னிக்: ஏன்? வழியில காவல் போட்டிருக்காங்களா?

பார்தோல்ட்: காவல் எல்லாம் இல்ல. அத்தை வீட்டுக்குப் போய்க் கேக்காதீங்க. அங்க அவ போகல.

இல்ஸபே: பின்ன எங்க போனா? எல்லை தாண்டிட்டான்னு சொன்னியே. நீதானே தூக்கிட்டுப் போனே?

பார்தோல்ட்: நான்தான் தூக்கிட்டுப் போனேன்.

ஹென்னிக்: அப்போ எங்கடா விட்டே?... என்னடா, தலையைக் குனியுறே? பார்தோல்ட்?

இல்ஸபே: என்னைப் பாரு. எங்க இருக்கா அவ?

பார்தோல்ட்: நீங்க அந்த வெள்ளியை என் கையில வெக்கும்போதே மேல அவ உடம்பு சில்லிட்டுப் போயிருந்துச்சு தாயி... அன்னிக்கு மத்தியானம் அவங்க வதைச்சு வதைச்சுக் கேட்டதை அவ தாங்கல. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க என் ரெண்டு கையையும் புடிச்சுட்டு, எல்லை தாண்டி விட்டுடுன்னு... அந்த முகத்தைப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வரல. செத்தவளையும் விட மாட்டாங்க, சந்தையில கொண்டாந்து வெச்சு எரிப்பாங்க. அதான் ராவோட ராவா தூக்கிட்டுப் போயிட்டேன். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓக் மரம் இருக்கு... அங்கதான் தாயி விட்டிருக்கேன். பிரபு மண்ணுல இல்ல. அந்தப் பக்கம்தான் பொதைச்சேன்.